ஏற்றத்தில் இறங்கிய முள்

செப்டெம்பர் 24, புதன்

என் வேன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு கண்டி மார்க்கெட்டில் மரக்கறி வாங்கப் போனேன். சூட்டு மீட்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரவுக்குப் பருப்பும் சம்பலும்தான்.

மீட்டர் உள்ளங்கை அகலம். கறுப்பு முகம், சிவப்பு முள், நாற்பதிலிருந்து நூற்றிருபது வரை எண்கள். எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று காட்டும். வேனோடு கூடப் பிறந்த மீட்டர் ஒன்று ஏற்கனவே இருக்கத்தான் செய்கிறது. நான் வாங்கிய நாளிலிருந்து அதன் முள் நடுவிலேயே நிற்கிறது. மலை ஏறினாலும் நடு, வீட்டு வாசலில் நின்றாலும் நடு. யாருக்கும் பொல்லாப்பு இல்லை.

அதை நம்பித்தான் மே மாதம் மாட்டிக்கொண்டேன். அம்பிட்டிய ஏற்றத்தில், வேன் நிறையப் பிள்ளைகளோடு, தண்ணீர் கொதித்து ஆவி கிளம்பியது. நான் புத்தி கெட்டுப்போய் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். இடது கை முழங்கை வரைக்கும் வெந்துபோனது. எஞ்சினைப் பிரித்துச் செய்து முடிக்க மூன்று வாரம். அதற்குள் நான்கு பிள்ளைகள் இதே ரோட்டில் ஓடுகிற ரமேஸின் புது வேனுக்குப் போய்விட்டார்கள். பதினெட்டு பதினான்கானது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வைத்து என் வீட்டுக்காரர் கஜேந்திரன் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “தனு, இன்னொரு தரம் கொதிச்சுதுன்னா வேன வித்துருவோம்.” நான் தலையாட்டினேன். கை எரிகிறவளிடம் எதைக் கேட்டாலும் தலையாட்டத்தானே செய்வாள்?

வேன் போனால் எனக்கு என்ன இருக்கிறது? திரும்பவும் புடவைக்கடையில் பத்து மணித்தியாலம் நின்றுகொண்டு, பாத்ரூம் போவதற்கு முதலாளியிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வேனில் நான்தான் முதலாளி. ஏழு வருடமாக அப்படித்தான். இனி அது கொதிக்கவே கூடாது. கொதிக்கப் போகிறது என்றால் எனக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதுக்குத்தான் மீட்டர்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

போனில் ஒரு வீடியோ. வெள்ளைக்காரன் ஒருவன், ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமான கராஜில் நின்றுகொண்டு, இது இருபது நிமிட வேலை என்கிறான். நான் காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். முடிக்கும்போது மூன்றரை.

முதலில் சென்சர். ரேடியேட்டரின் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, ஒரு குட்டி இரும்புக் குழாயைச் செருகி, அதில் சென்சரை முறுக்க வேண்டும். கஜேந்திரன் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து பேப்பர் பார்ப்பது போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளிப்பை இறுக்குகிற விதத்தைப் பார்த்ததும் அவரால் பொறுக்க முடியவில்லை. பதினைந்து வருடமாகக் கண்டியில் ஹாட்வெயார் கடையில் நிற்கிற மனிதர். எழுந்து வந்து ஸ்க்ரூ ட்ரைவரைப் பிடுங்கினார்.

“வேன் வேணாம்னுதானே சொன்னீங்க?” என்றேன்.

“வேன் வேணாம்னு சொன்னேன். ஒழுகணும்னு சொல்லல” என்றார்.

பிறகு வயரிங். அது முழுக்க என் கை. டேஷ்போர்டுக்குப் பின்னால் டோர்ச் அடித்துப் பார்த்தால் ஒரே கொடிக்காடு. வெள்ளைக்காரனின் வீடியோவில் நான்கு வயர்தான் இருந்தது, எனக்கு நாற்பது. எதில் கரண்ட் வருகிறது, எதில் வரவில்லை? கடைசியில் எனக்கு நன்றாகத் தெரிந்த வயர் ஒன்று கண்ணில் பட்டது. டேஷ்போர்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் எரிகிற சின்னச் சிவப்பு லைட்டின் வயர். பிள்ளையாரே வழிகாட்டிவிட்டார் என்று மீட்டரின் வயரை அதிலேயே சேர்த்தேன். கரண்ட் திரும்பிப் போகிற எர்த் வயரையும் பிள்ளையாரின் எர்த் இருந்த அதே ஸ்க்ரூவில் முடிந்தேன். மீட்டர் பளிச்சென்று எரிந்தது.

இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “லைட் வருது” என்றார். பாராட்டு அவ்வளவுதான்.

செப்டெம்பர் 29, திங்கள்

தலாத்துஓயா வீட்டில் புறப்படும்போது அறுபது. அம்பிட்டிய ஏற்றத்தின் பெரிய வளைவில் தொண்ணூற்றைந்து. கண்டிக்கு இறங்கும்போது எண்பத்தைந்து. நான் ரோட்டைப் பார்த்தேனா மீட்டரைப் பார்த்தேனா என்று கேட்டால் சத்தியமாகச் சொல்ல மாட்டேன்.

ஒக்டோபர் 7, செவ்வாய்

சனி, ஞாயிறு, நேற்று போயா லீவு. மூன்று நாளும் வேன் வாசலில் நின்றது. இன்று காலை ஐந்தே முக்காலுக்குத் திறப்பைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம். இன்னொரு டிக். அவ்வளவுதான். பெட்டரி செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டார், பால் வாங்க வந்தவர், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். என் வீட்டுக்காரரும் தள்ளினார், ஆனால் சிரித்துக்கொண்டே தள்ளினார். பிள்ளைகள் இருபது நிமிடம் லேட்.

ஒக்டோபர் 8, புதன்

காரணம் தெரிந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையார் லைட்டைப் பொருத்திய காலத்தில், வேனை நிறுத்தினாலும் சாமி இருட்டில் இருக்கக் கூடாது என்று நேரே பெட்டரியிலிருந்து வயர் இழுக்கச் சொன்னது யார்? நான்தான். வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னதும் நான்தான். அந்தச் சின்ன லைட் தின்னுகிற கரண்ட் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதே வயரில் என் மீட்டரும் இராப்பகலாகக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பெட்டரியும் கிழடு. தினமும் ஓடியபோது தெரியவில்லை, மூன்று நாள் நின்றதும் தெரிந்துவிட்டது.

இவரிடம் சொன்னேன். “அப்ப பிள்ளையார் மேல பழி இல்ல” என்றார்.

மீட்டரைக் கழற்றி, திறப்பைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வருகிற ரேடியோ வயருக்கு மாற்றினேன். எர்த் நன்றாகத்தானே இருக்கிறது, அதைத் தொடவில்லை.

ஒக்டோபர் 10, வெள்ளி

காலையில் அம்பிட்டியவில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. ஹெட்லைட்டைப் போட்டேன். மீட்டரைப் பார்த்தேன். நூற்றைந்து.

ஓரமாக நிறுத்தி, லைட்டையும் அணைத்து, பதினான்கு பேரையும் இறக்கி, மதிலோரம் வரிசையாக நிற்க வைத்து, முன் சீட்டைத் தூக்கி அடியிலிருக்கிற எஞ்சினைப் பார்த்தால், அது பாட்டுக்குச் சாதுவாக இருக்கிறது. ஆவி இல்லை, வாடை இல்லை, ஒழுக்கு இல்லை. திரும்பி உட்கார்ந்து பார்த்தால் தொண்ணூறு. பிள்ளைகளை ஏற்றினேன். லைட்டைப் போட்டேன். நூற்றைந்து.

முன் சீட்டில் உட்கார்ந்து வருகிற டிலானி ஒன்பதாம் வகுப்பு, விஞ்ஞானத்தில் கெட்டிக்காரி. “ஆன்டி, லைட்ட நிப்பாட்டிப் பாருங்களேன்” என்றாள். நிறுத்தினேன். தொண்ணூறு. போட்டேன். நூற்றைந்து.

லைட் போட்டால் என் வேனுக்குக் காய்ச்சல் வருகிறது.

ஒக்டோபர் 13, திங்கள்

பின்னேரம் மழை. லைட், வைப்பர் இரண்டும் போட்டால் நூற்றுப்பத்து. பிள்ளைகளுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. “ஆன்டி, ஹோர்ன் அடிங்க, எவ்வளவு ஏறுதுன்னு பாப்போம்” என்று பின்னாலிருந்து குரல். அடித்தேன். இரண்டு ஏறியது. வேன் முழுக்கக் கைதட்டல்.

சிரிப்பு எனக்கு வரவில்லை. எது பொய்ச் சூடு, எது மெய்ச் சூடு என்று தெரியாவிட்டால் இந்த மீட்டரால் என்ன பிரயோசனம்? பயத்தில் ஏற்றத்தின் பாதியில் இன்றைக்கும் ஒரு தடவை நிறுத்தினேன். ரமேஸ் தன் புது வேனை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, “என்னக்கா, இன்னைக்கு எத்தன டிகிரி?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவனுடைய வேனில் இருந்து என்னுடைய பழைய நான்கு பிள்ளைகளும் கையசைத்தார்கள்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

இவர் போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார். பகல் அடித்தது. எடுத்தேன்.

“நான் பன்விலயிலருந்து சுந்தரலிங்கம் பேசுறேன். வேன் ஒண்ணு விக்கப்போறதா தம்பி சொன்னாரு. தீபாவளி முடிஞ்சு, இருபத்தாறாந் தேதி ஞாயித்துக்கெழம வந்து பாக்கலாமுங்களா?”

வாங்க என்றேன். வேறென்ன சொல்ல? பேச்சில் நல்ல மனிதராகத் தெரிந்தார். அவர் மேல் என்ன கோபம்.

இவர் மேல்தான். என்ன மனுசன் இவரு? கொதிச்சா விக்கிறதுன்னுதானே பேச்சு. கொதிச்சுதா? ஒரு சொட்டு ஆவி வந்துச்சா? அதுக்குள்ள ஆள் பாத்தாச்சு, தேதியும் குறிச்சாச்சு. எனக்கு ஒரு வார்த்த இல்ல. எம் பேர்ல இருக்கிற வேனு. நான் ஓட்டுற வேனு.

வந்ததும் கேட்டேன். சட்டையைக்கூடக் கழற்றவில்லை, நின்றபடியே சொன்னார். “ரோட்டுல ரெண்டு மூணு தரம் நிறுத்திட்டியாமே. கடைக்கு வர்றவங்க சொல்றாங்க. இன்னொரு தரம் அந்தக் கையோட உன்னய ஆஸ்பத்திரியில பாக்க என்னால ஏலாது தனு.”

அது மீட்டரின் பிழை, வேனின் பிழை இல்லை என்று நான் கத்தினேன். “எது பிழைன்னு உனக்கே தெரியல. அதான் எனக்குப் பயம்” என்றார்.

சொன்னது சரிதான். அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஒக்டோபர் 15, புதன்

பேசவில்லை. சோறு மட்டும் போட்டேன்.

ஒக்டோபர் 18, சனி

கட்டுகஸ்தோட்டையில் முஹைதீன் நானா என்று ஒரு வயரிங் பாஸ் இருக்கிறார். பஸ், லொறி எல்லாம் அவரிடம்தான் வரும். போன தடவை பெட்டரிக்குப் போனபோது ஒரு மணித்தியாலம் காக்க வைத்தார் என்று கோபித்துக்கொண்டு வந்திருந்தேன். இன்று மானத்தை மடித்து வைத்துவிட்டுப் போனேன். இன்றைக்கும் ஒரு மணித்தியாலம் காக்க வைத்தார்.

பிறகு டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். அப்புறம் அங்கிருந்தே கேட்டார்.

“தங்கச்சி, இந்த ஒரு ஸ்க்ரூ ஆணியில எத்தன பேர் தொங்குறாங்க?”

“என்ன நானா?”

“பிள்ளையார் ஈக்கிறாரு. ஹெட்லைட் ஈக்கி. வைப்பர் ஈக்கி. உங்கட மீட்டரும் ஈக்கி. ஆணி பெயின்டுக்கு மேல, அதிலயும் துரு. லைட்டப் போட்டா அவ்வளவு கரண்டும் இதாலதான் திரும்பிப் போகணும். போக வழி இல்ல. அப்ப பாவம் மீட்டரப் புடிச்சுத் தள்ளுது.”

மீட்டருக்கும் சென்சருக்கும் தனி எர்த் வயர் ஒன்றை நேரே எஞ்சினுக்கு இழுக்கச் சொன்னார். தான் செய்யவில்லை. என் கையில் வயரைக் கொடுத்துவிட்டு பக்கத்தில் குந்திக்கொண்டார். இரும்பை வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டச் சொன்னார். நான் சுரண்டியது போதாது என்று மூன்று தரம் சொன்னார். “நீங்கதானே போட்டீங்க. நீங்களே முடிங்க. நாளைக்கு ரோட்டுல நான் வாறதில்ல” என்றார்.

லைட்டைப் போட்டேன். முள் அசையவில்லை. வைப்பர், ஹோர்ன், பிரேக். அசையவில்லை. கடைக்கு முன்னால் நின்று ஹோர்னை அடித்துக்கொண்டே இருந்தேன். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்குச் சுட்டேன். இவர் எண்ணெய்ச் சட்டிக்குக் கிட்ட வந்து, என் கையைப் பார்த்துவிட்டு, தானே கரண்டியை வாங்கிக்கொண்டார். பேச்சு இன்னும் பாதிதான்.

ஒக்டோபர் 22, புதன்

இரண்டு நாளாக ஒரே மாதிரி. புறப்படும்போது அறுபது, கோயிலடியில் எண்பது, பெரிய வளைவில் தொண்ணூற்றைந்து, உச்சியில் தொண்ணூற்றேழு, இறக்கத்தில் எண்பத்தைந்து. மழைக்கும் அதேதான், வெயிலுக்கும் அதேதான். முள் எங்கே நிற்கும் என்று பார்க்காமலே எனக்குச் சொல்ல வருகிறது.

இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேன் பார்க்க வருகிற மனிதரிடம் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒக்டோபர் 24, வெள்ளி

எல்லாவற்றையும் ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை ஆறே முக்கால். டிலானிக்கு இன்று கணிதப் பரீட்சை. மடியில் கொப்பியை வைத்து முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கோயிலடியில் எண்பது. பிறகு எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு. பெரிய வளைவு வந்தது. தொண்ணூற்றைந்துக்குப் போக வேண்டிய முள் ஒரு தரம் துடித்துவிட்டுக் கீழே இறங்கியது. எண்பது. எழுபது.

“ஆன்டி, இன்னைக்கு வேன் நல்ல கூலா இருக்கு” என்றாள் டிலானி.

எனக்கும் ஒரு நொடி சந்தோசமாகத்தான் இருந்தது. ஏற்றத்தில் எஞ்சின் எப்படிக் குளிரும்? லைட் போடவில்லை. எர்த் நானே சுரண்டிப் போட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியென்றால் மீட்டர் பொய் சொல்லவில்லை. சென்சரைச் சுற்றி இருக்கிற ஏதோ ஒன்று குளிர்ந்துவிட்டது. மேல் ஹோஸில் அதைச் சுற்றி என்ன இருக்க வேண்டும்? தண்ணீர். அந்தத் தண்ணீரே இல்லாவிட்டால்?

இன்னும் அரை மைல் போனால் இறக்கம். கண்டிக்கு உருட்டிக்கொண்டே போய்விடலாம், பரீட்சைக்கும் சரியான நேரம், ரமேஸுக்கும் சிரிக்க ஒன்றும் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வேன் பார்க்க வருகிற வாரத்தில் ரோட்டில் நிறுத்தினால் இவர் என்ன சொல்வார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கால் அக்ஸிலரேட்டரை விட்டு எழும்பமாட்டேன் என்றது. பின்னால் பதினான்கு பேர்.

நிறுத்தினேன். எஞ்சினையும் நிறுத்தினேன். எல்லோரையும் இறக்கினேன். சீட்டைத் தூக்கினால் முகத்தில் அனல். உள்ளே மெல்லிய சீறல் சத்தம். மூடியைத் தொடவில்லை. கிட்டவே போகவில்லை.

ரமேஸ் வந்தான். நிறுத்தினான். “என்னக்கா, இன்னைக்குச் சூடா?”

“இல்ல, குளிர்.”

“குளிருக்கா நிறுத்தினீங்க?” என்று சிரிக்கத் தொடங்கியவன், ரோட்டைப் பார்த்தான். வளைவிலிருந்து என் வேன் வரைக்கும் ஈரம் கோடாக வந்திருந்தது. இறங்கிக் குனிந்து வேனுக்கு அடியில் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. “இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா எஞ்சின் இறுகியிருக்குமே அக்கா” என்றான். ஒரு வார்த்தை கேட்காமல் என் பதினான்கு பேரையும் தன் வேனில் அடைத்துக்கொண்டு போனான். மடிக்கு மடி. டிலானி பரீட்சைக்கு நேரத்துக்குப் போய்விட்டாளாம்.

இவருக்குப் போன் செய்தேன். இருபது நிமிடத்தில் த்ரீவீலில் வந்து இறங்கினார். எந்த அளவு என்று தெரியாமல் கடையில் இருந்த ஹோஸ் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு, தோள் நிறைய. வேனைப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து, “கையக் காட்டு” என்றார். இரண்டு கையையும் பிரட்டிப் பிரட்டிப் பார்த்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

ஆறும்வரை ஒரு மணித்தியாலம் மதிலில் உட்கார்ந்திருந்தோம். கீழ் ஹோஸ் விரல் நீளத்துக்கு வெடித்திருந்தது, எவ்வளவு காலத்துப் பழசோ. மேலே தடவிப் பார்த்துவிட்டு, “நம்ம போட்ட ஜொயின்ட் காஞ்சு கெடக்கு, ஒழுகல” என்றார். கொண்டுவந்த துண்டுகளில் ஒன்று சரியாக இருந்தது. தண்ணீர் ஊற்றினோம். திறப்பைத் திருப்பினேன். எஞ்சின் எப்போதும் போலப் பிடித்தது. ஒரு குறையும் இல்லை.

“சூடு கொறைஞ்சதுக்கா நிறுத்துன?” என்று கேட்டார்.

“ஆமா. ஏத்தத்துல கொறையக்கூடாது.”

அவர் மிச்ச ஹோஸ் துண்டுகளைத் தோளில் அள்ளிப் போட்டார். நானே கேட்டேன். “இது கொதிச்ச கணக்கா, இல்லையா?”

“நேரமாச்சு, புள்ளைங்கள எடுக்கப் போ” என்றார்.

ஒக்டோபர் 25, சனி

காலையிலிருந்து இவர் வேனைக் கழுவுகிறார். டயரைக்கூட பிரஷ் போட்டுத் தேய்க்கிறார். மீட்டரின் கண்ணாடியைப் பழைய சாரத் துணியால் துடைத்து, மூக்கை வைத்துப் பார்த்து, மறுபடியும் துடைக்கிறார். விற்கிற பொருளை இப்படித்தான் மினுக்குவார்கள். கடைக்காரர் இல்லையா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

ஒக்டோபர் 26, ஞாயிறு

சுந்தரலிங்கம் ஐயா பத்து மணிக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் குடை, மெல்லிய குரல். நான் குசினிக்குள் போய்விட்டேன். ஜன்னலால் எல்லாம் கேட்டது.

இவர் சீட்டைத் தூக்கிக் காட்டினார். புது ஹோஸைக் காட்டினார். திறப்பைத் திருப்பி மீட்டரைக் காட்டினார். லைட்டைப் போட்டு, “பாருங்க, முள் அசையாது. எர்த் தனியா எஞ்சினுக்குப் போகுது” என்றார். கட்டுகஸ்தோட்டையில் நடந்ததை நான் சொன்னபடியே ஒப்பித்தார். கேட்காத மாதிரி இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். “இது சூடானா ஏறும், அது எல்லாருக்கும் தெரியும். தண்ணி போனா எறங்கும். எறங்குனா நிறுத்தணும்னு தெரிய மண்டையில ஏதாச்சும் இருக்கணுங்க” என்றார். அரை மணித்தியாலம். நல்ல விலைக்குத்தான் விற்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணியை ஆற்றினேன். ஆற்றி ஆற்றிப் பாதி கீழே போய்விட்டது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐயா ஒரு வாய் குடித்துவிட்டு, “எனக்குப் புடிச்சிருக்கு தம்பி. சொல்லுங்க” என்றார்.

“மொதல்ல குடிங்க ஐயா” என்றார் இவர். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். பிறகு சொன்னார். “வேன் விக்கிறதுக்கு இல்லீங்க.”

ஐயாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். “அப்ப என்னத்துக்கு என்னைய பன்விலயிலருந்து வரச் சொன்னீங்க?”

“வாங்கன்னு சொல்லிட்டுப் போன்ல வேணாம்னு சொன்னா மரியாதையா இருக்காதுங்களே. ஒரு தேத்தண்ணி குடிக்க வச்சு, நேருல சொல்லணும்னு.”

“அது சரி. அப்ப அரை மணித்தியாலமா என்னத்தக் காட்டினீங்க?”

இவர் என் பக்கம் திரும்பவில்லை. வேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“யாருக்காச்சும் காட்டணும்போல இருந்துச்சுங்க. வயரிங் பூரா இவதான்.”

ஐயா கோபித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார். குசினிக்குப் போய், கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, போட்டுக்கொண்டு வந்தேன்.